வெள்ளிக்கிழமைத் தட்டம்

எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் வந்ததிலிருந்து என் மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியதில்லை. நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு மண்கும்பானில். இரண்டுக்கும் நடுவில் கடல், அதன்மேல் நீளமான பாலம், நினைத்த நேரத்துக்கு வராத பஸ். மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது நான் கைத்தொலைபேசியை எடுப்பேன். அந்த நேரத்தில்தான் வீட்டில் என் கணவர் தன்னந்தனியாக அந்த மிசினுக்கு முன்னால் நிற்பார்.

பாரிசவாதம் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. பேச்சு திரும்பி வந்துவிட்டது, அதோடு பகிடியும் வந்துவிட்டது. கால் பொல்லை ஊன்றி நடக்கும். வலது கை மட்டும் யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன பொருளைப்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நான் வேலையை விட ஏலாது. ஆகவே காலையிலிருந்து பின்னேரம் வரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

காஸ் அடுப்பை அவர் தொடக் கூடாது என்பது என் சட்டம். ஒற்றைக் கையால் நெருப்புக்குச்சி உரசுகிற வித்தையை ஒருநாள் எனக்குப் பெருமையாகச் செய்து காட்டினார். அடுத்த நாளே சிலிண்டரை இறுக்கிப் பூட்டிவிட்டு, நெருப்புப்பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். பஸ்ஸில் சில்லறை தேடும்போதெல்லாம் அது கிலுங்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவர்களுக்கு என் வீட்டுக் கதை தெரியாது.

அதனால் அவர் பல மாதம் ஆறின சோற்றைத்தான் சாப்பிட்டார். சோறு வடித்த கையோடு சாப்பிட உட்கார்ந்து, மீன்குழம்பு விட்டு, விரல் சுடச் சுடப் பிசைந்து பழகின மனிதர். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. மூத்த மகள்தான் ஒருநாள் வீடியோவில் கண்டுவிட்டாள், தகப்பன் இறுகிக் கிடந்த குழம்பை இடது கைக் கரண்டியால் உடைத்துக்கொண்டிருப்பதை. அன்றைக்கே பட்டினத்துக் கடையொன்றில் சொல்லி மைக்ரோவேவை அனுப்பிவிட்டாள்.

"அம்மா, அப்பா தன்ர சாப்பாட்டைத் தானே சூடாக்கட்டும். நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒரு பட்டன்தானம்மா" என்றாள்.

நெருப்பில்லாத சூடு என்பதுதான் எனக்குப் பெரிய பயம். நெருப்பென்றால் கண்ணுக்குத் தெரியும், தள்ளி நிற்கலாம். இது பெட்டிக்குள் இருந்துகொண்டு 'உம்ம்' என்று உறுமும், என்ன செய்கிறதென்று ஒருவருக்கும் காட்டாது. திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முதல்நாள் மத்தியானம் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "இஞ்சேரும், ஆவி பறக்குதப்பா" என்றார். பிசைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு திருப்பி அனுப்புகிற கதையை நான் எடுக்கவே இல்லை. பயத்தை மட்டும் என்னோடு வைத்துக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் என்னைப் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். உண்மையாகவே பேய் வந்தால் முதலில் காண்பவளும் அரண்டவள்தான்.

மிசினோடு வந்த புத்தகத்தை நான் கரைத்துக் குடித்தேன். சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று போட்டிருந்ததால் குசினியில் சமையல் மேசையை இழுத்துப் போட்டு நடுவில் நிற்பாட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா அதற்கென்றே நூலால் ஓர் உறை பின்னிக்கொண்டு வந்தா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த எந்த மிசினும் உடுப்பில்லாமல் நிற்கக் கூடாது. தொலைக்காட்சிக்கு ஓர் உறை, தையல் மிசினுக்கு ஓர் உறை, குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு ஒரு லேஸ். நான் உறையை வாங்கி நன்றி சொல்லிவிட்டு, அடுத்த கணமே மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. காற்றுத் துவாரத்தை மூடினால் மிசின் வெந்துபோகும் என்று விளங்கப்படுத்தியும் அந்த முகம் விரியவில்லை.

பிறகு கடல் காற்று. மண்கும்பானில் கதவுப் பிணைச்சல், பூட்டு, ஆணி என்று எதையும் அது விட்டுவைக்காது. பின்னேரம் வீடு வந்ததும் உடுப்பு மாற்றுமுன் மைக்ரோவேவின் கதவைத் திறந்து, விளிம்பெல்லாம் டோர்ச் அடித்துப் பார்ப்பேன். கதவு சரியாகப் பொருந்துகிறதா, கறள் எங்காவது பிடித்திருக்கிறதா, சிற்றெறும்பு குடியேறிவிட்டதா? ஒரு கோப்பைத் தண்ணீரில் தேசிக்காயை வெட்டிப் புளி பிழிந்து சூடாக்கி, அந்த ஆவியில் இளகிய கறையை ஈரத்துணியால் துடைப்பேன். மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவேன். அவர் கதிரையில் இருந்தபடி இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்கு பிறஷர் பாக்கிறதிலும் பாக்க உதுக்குத்தான் கூடப் பாக்கிறீர்" என்பார்.

அவருக்கும் தினமும் காலையில் பாடம் நடக்கும். முட்டையை உள்ளே வைக்கக் கூடாது, வெடிக்கும். மூடி இறுக்கின போத்தல், டப்பா கூடாது. வெறும் மிசினை ஓடவிடக் கூடாது. தண்ணீர் சூடாக்கினால் ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கோ, இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்ததைக் காட்டாமல் கொதித்து, கையில் எடுத்ததும் முகத்தில் பொங்கும். சில்வர் பாத்திரத்தில் சாப்பாடு வைக்கவே கூடாது. உள்ளே பொறியோ நெருப்போ கண்டால் கதவைத் திறக்காமல் முதலில் சுவரில் சுவிச்சை நிறுத்துங்கோ. செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்வேன், படலையடியில் நின்று திரும்பவும் சொல்வேன்.

"கோயில்ல மந்திரம் சொல்லுற ஐயரும் இடைக்கிடை மூச்சு விடுவார். நீர் அதும் விடுறேல்லை" என்பார் அவர்.

சிரிப்பு வரும். ஆனால் பஸ் பாலத்தில் ஏறியதும் சிரிப்பெல்லாம் கடலோடு போய்விடும். சொல்ல மறந்தது எது என்று யோசித்துக்கொண்டே போவேன்.

மத்தியானம் அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எடுக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. இருக்கிற ஒரு கையில் கோப்பை இருக்கும், அவ்வளவுதான். நான் அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எடுத்து, ஓடிப்போய்ப் பாருங்கோ என்று கத்தியிருப்பேன். அவ வேலியால் எட்டிப் பார்ப்பா. இவர் சோற்றோடு இருப்பார். இப்படிப் பல தரம் நடந்தது. கடைசியில் அவர் என்னிடம் கோபப்பட்டார். "ஒரு மனிசன் சோறு தின்னேக்கை வேலியால வந்து பாக்க வைக்கிறீர். நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பது எனக்குத் தெரியும். என்னுடைய பயத்துக்குத்தான் நியாயம் தெரியாது.

இவ்வளவு சட்டம் போட்ட எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பது புத்தியில் படவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், மச்சம் இல்லை, மரக்கறிதான். அதற்கென்று சட்டி, அகப்பை, கோப்பை எல்லாம் வேறாக இருக்கும். மீன் காய்ச்சிய சட்டியை எவ்வளவுதான் கழுவினாலும் வெள்ளிக்கிழமை அது அடுப்பில் ஏறாது. மற்ற விஷயங்களில் பெரிய பக்திமான் என்று அவரைச் சொல்ல முடியாது, ஆனால் இந்த ஒன்றில் சிறுவயதிலிருந்தே பிசகாதவர். மைக்ரோவேவோ ஒன்றுதான். அதில் வியாழன் வரை விளைமீனும் இறாலும் சுற்றியிருக்கும். வியாழக்கிழமை பின்னேரம் நான் அதன் கண்ணாடித் தட்டைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். அது போதும் என்று நான் நினைத்தேன். அவரும் சில வெள்ளி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அது ஐப்பசி மாதத்து வெள்ளி. காலையில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்து, பீங்கான் கோப்பையில் சோற்றோடு போட்டு மூடிவிட்டு, வழமையான மந்திரத்தையும் சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கையில் கோப்பை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சற்றுப் பொறுத்து எடுத்தேன். திரும்பவும் ஓய்ந்தது. அக்காவுக்கு எடுத்தேன்.

"நான் சாட்டியில நிக்கிறன் தங்கச்சி. கனடாவில இருந்து வந்த ஆக்களோட கடல் பாக்க வந்தனாங்கள். அவர் நித்திரையா இருப்பார், சும்மா பயப்பிடாதையும்" என்றா. பின்னால் அலைச் சத்தமும் பிள்ளைகள் கூவுகிற சத்தமும் கேட்டன. அவவிலும் பிழையில்லை. புலி வருது புலி வருது என்று நான்தானே எத்தனை தரம் கத்தினேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆனால் சாரதி தேநீர்க் கடையில் இருந்தார். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்த விதத்தைப் பார்க்க எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. வழியெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கிறது, ஆகவே தொலைபேசி எரியவில்லை, ஆகவே வீடு எரியவில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். வீடு எரியாமலும் மனிதருக்கு ஏதாவது நடக்கலாம் என்று அடுத்த கணக்கு வந்தது. பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் ஒன்றும் நடக்காததுபோலப் படுத்துக் கிடந்தது. முன் ஆசனத்தில் ஒருவர் யாருடனோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். நயினை நாகபூசணி அம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

படலையைத் திறந்ததும் மணந்தது. வயர் கருகினதும் இரும்பு சுட்டதும் கலந்த ஒரு மணம். "இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"குசினிக்குள்ள இருக்கிறன். ஓடி விழாதையும்" என்று பதில் வந்தது.

நிலத்தில் இருந்தார். முதுகை அலுமாரியில் சாய்த்து, கால்களை நீட்டி, இடது கையால் வலது கையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பொல்லு மேசைக்குக் கீழே கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. மிசின் இருட்டிப்போய் நின்றது. அதன் கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கோப்பை உள்ளே இருந்தது, சோறும் இருந்தது. கோப்பைக்குக் கீழே, கண்ணாடித் தட்டு இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் மரக்கறிச் சாமான்களோடு இருக்கிற சில்வர் தட்டம் பளபளத்துக்கொண்டிருந்தது. வெற்றிலை பாக்கு வைக்கிற தட்டம். அதன் விளிம்பெல்லாம் கறுப்பு. பக்கச் சுவரிலும் தீய்ந்த ஒரு புள்ளி.

கண்ணாடித் தட்டு எங்கே என்று பார்த்தேன். அது கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"சில்வர் வைக்காதையுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்! எத்தனை தரம்!" என்று நான் கத்தினேன். தூக்கிவிடக்கூட இல்லை. முதலில் கத்தினேன்.

"சாப்பாட்டைச் சில்வரில வைக்காதையுங்கோ எண்டுதானே சொன்னனீர்" என்றார் அவர் மெல்ல. "சாப்பாடு பீங்கானிலதான் இருந்தது. அந்தக் கண்ணாடியில மீன் மணம். வெள்ளிக்கிழமை… அதுதான் அடியில தட்டத்தை வைச்சனான். அடிதானே, பாத்திரமில்லையே எண்டு நினைச்சன்."

அவர் என் சட்டத்தை மீறவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே கேட்டிருக்கிறார். எனக்குத்தான் அடியும் பாத்திரமும் ஒன்றென்று சொல்லத் தோன்றவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னார். பட்டனை அமத்தியதும் உள்ளே நீலமாய்ப் பொறி பறந்ததாம், வெடிச் சரம்போலச் சத்தமாம். கதவைத் திறக்கவில்லை. சுவரில் சுவிச் இருப்பது மிசினின் வலது பக்கம். அவருடைய வலது கை வராது. இடது கையை மிசினுக்கு முன்னால் குறுக்கே நீட்டவும் பயமாக இருந்ததாம். ஆகவே ஊன்றியிருந்த பொல்லைத் தூக்கி, அதன் நுனியால் சுவிச்சைத் தட்டியிருக்கிறார். மிசின் நின்றது. ஊன்ற ஒன்றுமில்லாததால் அவரும் நிற்க முடியாமல் அலுமாரியோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். எழும்ப ஏலவில்லை.

"போன் எட்டாத இடத்தில அடிச்சுக்கொண்டே கிடந்தது. எனக்கு ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும், உமக்குத் தெரியாதே. பஸ்ஸுக்குள்ள இருந்து நீர் என்ன பாடுபடுறீரோ எண்டுதான்…" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அவரைப் பிடித்து எழுப்பிக் கதிரையில் இருத்தினேன். காஸைத் திறந்து புதிதாகச் சோறு வடித்தேன். ஆவி பறந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"இனி நான் உதைத் தொடமாட்டன். நீர் பயப்பிடாமல் வேலைக்குப் போம். ஆறின சோறு காணும் எனக்கு" என்றார்.

மிசினைச் சோதிக்காமல் திரும்ப ஓடவிடக் கூடாது என்பதால் பட்டினத்தில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே தீய்ந்த சிறு மட்டையொன்றை மாற்றினார்கள், வேறு சேதமில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று இன்னொரு கண்ணாடித் தட்டும் வாங்கினேன். மேசையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு, சுவிச் அவருடைய இடது கைக்கு நேரே வரச் செய்தேன். எல்லாம் செய்து முடித்துக் காட்டினேன். "நல்லது" என்றார். தொடவில்லை.

உண்மையைச் சொன்னால் முதல் சில நாள் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து கேட்டேன். ஆனால் பின்னேரம் வந்து பார்த்தால் கோப்பையில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். பிறகு அவர் குசினிப் பக்கமே போகாமல் விட்டார். தண்ணீர்ப் போத்தலைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒற்றைக் கையால் சேட்டுக்குப் பொத்தான் போடப் பழகியிருந்தவர், ஒருநாள் காலை என் முன்னால் வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார். நான் போட்டுவிட்டேன். பொறி பறந்த பெட்டியைக் கண்டபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. இந்த மனிதர் அணைந்துகொண்டு போகிறார், இதற்குச் சுவிச் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

சூடாக்கிச் சாப்பிடுங்கோ என்று கெஞ்சினேன். ஏசியும் பார்த்தேன். மகளைக்கொண்டு சொல்வித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஏனப்பா உமக்குக் கரைச்சல்?"

கார்த்திகை மழையில் நனைந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. நடிப்பில்லை, உண்மையான காய்ச்சல். காலையில் ஒருமாதிரி எழும்பிக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் படுத்தேன். மத்தியானம் கண்ணைத் திறக்க ஏலவில்லை. வாய் கசந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கஞ்சி குடிச்சால்தானே குளிசை போடலாம்" என்றார்.

"எழும்ப ஏலாதப்பா. ஆறிப்போயிருக்கும். பிறகு பாப்பம்" என்றேன்.

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். பிறகு பொல்லு நிலத்தில் தட்டுகிற சத்தம் அறையைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டிக் குசினிப் பக்கம் போனது. எனக்குக் காய்ச்சல் ஒரு கணம் விட்டதுபோல இருந்தது. கோப்பை மேசையில் வைக்கப்படுகிற சத்தம். மிசின் கதவு திறந்து மூடுகிற சத்தம். பீங்கானில் ஊற்றினாரா, கரண்டியை உள்ளே விட்டுவிட்டாரா? எழும்பிப் போய்ப் பார்க்கவேண்டும்போலக் கால் இழுத்தது. வாயில் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மிசின் உறுமத் தொடங்கியது. அது நிற்கும் வரைக்கும் நான் மூச்சு விட்டேனோ தெரியாது.

மிசினின் மணி அடித்து ஓய்ந்தது. பொல்லுச் சத்தம் கேட்கவில்லை. இருக்கிற ஒரு கையில் கோப்பை இருந்தால் பொல்லை எப்படிப் பிடிப்பது? சுவரில் தோளை உரசி உரசி அவர் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் தெரிந்தபோது சேட்டில் கஞ்சி சிந்தியிருந்தது, நிலத்திலும் வழி நெடுகச் சொட்டியிருந்தது. கோப்பையை என் கையில் தந்துவிட்டு, கதிரையில் தொப்பென்று இருந்து மூச்சு வாங்கினார்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். ஓரம் நாக்கைச் சுட்டது. இரண்டாவது கரண்டி நடுவிலிருந்து வந்தது, கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்தது. பாதியில் நிறுத்தி ஒருதரம் கிளறிவிட்டுத் திரும்ப வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்ல என் வாய் தானாகவே திறந்தது.

"சூடு காணுமோ?" என்று கேட்டார். முகத்தில் அந்தப் பழைய பகிடிக்காரர் பயந்து பயந்து எட்டிப் பார்த்தார்.

"ஓமப்பா, நல்ல சூடு" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த நடுவை முழுவதும் குடித்து முடித்தேன்.